சலவைக்கு வந்த துணி மாறாமல், தொலையாமல் இருக்க: டேக் ஒட்டுவது முதல் பிரித்து அடுக்குவது வரை

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு அம்மா எங்கள் லாண்டரிக்குப் பட்டுப்புடவையைத் திரும்ப வாங்க வந்திருந்தார். நாங்கள் கொடுத்ததை விரித்துப் பார்த்துவிட்டு, "இது என்னுது இல்ல தம்பி" என்றார். அதே மாம்பழ மஞ்சள், அதே அரக்கு பார்டர். எங்கள் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் முந்தானையைப் பார்க்கவே இல்லை. கீழ் ஓரத்தைத் திருப்பி, ஃபால்ஸ் தைத்த நூலைக் காட்டினார். அவர் வெள்ளை நூலில் கையாலேயே தைத்திருந்தார். இதில் இருந்தது மஞ்சள் நூல், மெஷின் தையல். இரண்டு நாள் கழித்து அவருடைய புடவை முலுண்டில் ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தது. ரோல் பிரஸ் போடும்போது இரண்டு புடவையின் காகித டேக்கையும் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறார்கள். திரும்பக் குத்தும்போது மாறிவிட்டது.

அன்றிலிருந்து நான் ஒன்றை உறுதியாக நம்புகிறேன்: துணி மெஷினுக்குள் தொலைவதில்லை, கைமாறும் இடத்தில் தொலைகிறது. டேக், அதைப் படிக்கும் கருவியான ரீடர், சாஃப்ட்வேர் என்று எதை வாங்கினாலும் அந்தக் கைமாறும் இடங்களில் அது என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மும்பையில் நடுத்தர அளவில் லாண்டரி நடத்தும், அல்லது ஹோட்டல், ஆஸ்பத்திரித் துணி எடுக்கத் தொடங்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

துணிக்குக் குறி போடுவது நமக்குப் புதிதில்லை. சேராங்கொட்டையின் சாற்றைத் தொட்டுத் துணி ஓரத்தில் புள்ளியும் கோடும் வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. நாடு முழுவதும் சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய மை அது. ஆங்கிலத்தில் அதற்கு டோபி நட் என்றே ஒரு பெயர் உண்டு. தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதுதான் அதன் குறை. மகாலட்சுமி டோபிகாட் பாலத்தில் நின்று பார்த்தால் ஆயிரக்கணக்கான துணிகள் காய்வது தெரியும். எது யாருடையது என்பதை அங்குள்ளவர்கள் நூல் நிறத்திலும் மூலையில் எழுதிய எண்ணிலும் படித்துவிடுவார்கள். இதே ஊரில் அலுவலகங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் டப்பாவாலாக்கள் டப்பா மூடியில் எழுதும் நிறக்குறியும் எழுத்தும், டப்பா எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் வேலை முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஒரு குறி இது யாருடையது என்று சொல்ல வேண்டும். இன்னொன்று அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். முதலாவது அடையாளம், இரண்டாவது பிரிப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு மெஷின் வாங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சட்டையின் பின்னால் நடந்து பாருங்கள்

எதையும் வாங்கும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, கவுன்டரில் வந்த ஒரே ஒரு சட்டையைக் கடைசிவரை பின்தொடருங்கள். கவுன்டர், பை, வண்டி, இறக்கும் இடம், அழுக்கு பிரிக்கும் மேஜை, வாஷர், தண்ணீர் பிழியும் ஹைட்ரோ, டிரையர், இஸ்திரி, மடிப்பு, பேக்கிங், மறுபடி வண்டி. சாக்கிநாக்காவில் ஒரு காலாவில் (பட்டறைக் கூடத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நாங்கள் இப்படிப் பார்த்தபோது அந்தச் சட்டை 11 முறை கைமாறியது. அதில் 4 இடங்களில் டேக்கை யாரும் பார்க்கவே இல்லை. டிரையரிலிருந்து இஸ்திரி மேஜைக்குப் போகும் கூடையில் மூன்று வாடிக்கையாளரின் துணி கலந்து கிடந்தது.

ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதுங்கள்: யார் கொடுத்தார், யார் வாங்கினார், எண்ணினார்களா? எண்ணாத இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய இடங்கள் அவைதான். ஒரு வாரம் இப்படிச் செய்தால் போதும். சில லாண்டரிகளில் சிவப்பு வட்டம் இரண்டு மூன்றுதான் இருக்கும். அங்கே நிறம் நிறமாக வலைப்பைகள் வாங்கினாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். வீட்டுத் துணிக்கு நான் முதலில் சொல்வது வலைப்பைதான். ஒரு வீட்டுத் துணி ஒரு பைக்குள் இருந்தபடியே துவைந்து காய்ந்து வந்தால் கலப்பதற்கே இடமில்லை.

எந்தத் துணிக்கு எந்த டேக்

காகித டேக்: தண்ணீரில் கரையாத தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்துப் பின் குத்துவது. ஒரு முறை வரும் துணிக்கு இது போதும். பில் அடிக்கும் தெர்மல் தாளை மட்டும் டேக்காகப் பயன்படுத்தாதீர்கள். அது சூடு பட்டால் கறுக்கும் தாள். இஸ்திரிப் பெட்டி ஒரு முறை தொட்டாலே எண் மறைந்துவிடும். பட்டில் ஸ்டேப்ளர் அடிக்கவே கூடாது. துருப்பிடிக்காத சேஃப்டி பின்னை ஃபால்ஸின் தையலில் குத்துங்கள், அல்லது நூலில் கட்டுங்கள்.

ஒட்டும் பார்கோடு: பாலியெஸ்டர் லேபிளில் ரிப்பன் பிரிண்டரால் அடித்து, ஹீட் பிரஸ்ஸில் சட்டையின் உள்பக்கம் ஒட்டுவது. வாராவாரம் வரும் வீட்டுக்காரர்களுக்கும் சின்ன அலுவலக யூனிஃபார்முக்கும் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு எதிரே காட்டித்தான் படிக்க முடியும் என்பதுதான் அதன் எல்லை. கோடுகளாக அடிப்பதைவிட சதுரக் கட்டமாக இருக்கும் டேட்டா மேட்ரிக்ஸ் நல்லது; சின்ன இடத்தில் அடங்கும், ஒரு மூலை தேய்ந்தாலும் ஸ்கேனர் படித்துவிடும்.

காசு அளவுக்கு இருக்கும் பட்டன் சிப்: 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. சில சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோனால் படிக்கும். ஈரம் இதை அவ்வளவாகப் பாதிக்காது. என்எஃப்சி வசதியுள்ள பல போன்களாலேயே படிக்கலாம். தொழிற்சாலைகளில் ஆளுக்கு ஆள் யூனிஃபார்ம் கொடுத்து வாங்கும் இடத்துக்கு ஏற்றது.

யுஎச்எஃப் ஆர்எஃப்ஐடி: ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே படிக்கும் டேக். விரல் நீளத்தில், துணி போலவே மடங்கும் பட்டை. உள்ளே பொட்டு அளவு சிப், அதைச் சுற்றி மெல்லிய உலோக நூலாலான ஆன்டெனா. பேட்டரி கிடையாது, ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்லும். சில மீட்டர் தூரத்திலிருந்து, மூட்டையைப் பிரிக்காமலே, ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கில் படிக்கலாம். சலவைக்கென்று செய்த டேக்குகளுக்குக் கம்பெனிகள் பொதுவாக 200 சலவை வரை உத்தரவாதம் தருகின்றன.

விலையைக் கேட்டதும் பலர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். டேக்கின் விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள், சலவைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஒரு டேக் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஹோட்டல் பெட்ஷீட் 200 முறை துவைந்தால் சலவைக்கு 20 பைசா. அதே டேக்கை மாதம் ஒரு முறை வரும் கோட்டில் ஒட்டினால், 200 சலவைக்கு 16 வருஷத்துக்கு மேல் ஆகும். கோட்டே அவ்வளவு நாள் இருக்காது. அதனால் என் முடிவு இது: ஹோட்டல் லினன், ஆஸ்பத்திரித் துணி, பெரிய யூனிஃபார்ம் ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு யுஎச்எஃப், வழக்கமான வீடுகளுக்கு ஒட்டும் பார்கோடு, எப்போதாவது வருபவர்களுக்குக் காகித டேக். ஒரே காலாவில் மூன்றும் சேர்ந்து ஓடலாம், தவறே இல்லை.

எண்ணில் எதையும் திணிக்காதீர்கள்

டேக்குக்குள் வாடிக்கையாளர் பெயர், அறை எண், துணியின் வகை எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. கேட்காதீர்கள். டேக்கில் இருக்க வேண்டியது ஒரே ஒரு எண், வேறு எந்தத் துணிக்கும் இல்லாத எண். மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கட்டும். ஒரு ஹோட்டல் ஒப்பந்தத்தை விட்டுப் போகலாம், யூனிஃபார்ம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகலாம். அப்போது டேக்கைத் தொடாமல் கணக்கில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும் துணியோடு ஊர் சுற்றாமல் இருப்பது அவருக்கும் நல்லது.

இன்னொன்று. டேக்கின் மேல் அதே எண்ணின் கடைசி நான்கைந்து இலக்கங்களைக் கண்ணால் படிக்கும்படி அச்சிட்டு வாங்குங்கள். கரன்ட் போகும் நாளில் அந்த நான்கு இலக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஒட்டும் இடம்

சட்டை என்றால் கீழ் மடிப்புக்கு மேலே பக்கத் தையலின் உள்பக்கம். பேன்ட் என்றால் இடுப்புப் பட்டையின் உள்ளே, ஆனால் கொக்கியிலிருந்தும் ஜிப்பிலிருந்தும் தள்ளி. உலோகம் பக்கத்தில் இருந்தால் யுஎச்எஃப் டேக் ஊமையாகிவிடும். பெட்ஷீட்டுக்கும் டவலுக்கும் ஓர மடிப்பைக் கொஞ்சம் பிரித்து உள்ளே வைத்துத் தைத்துவிடுவதுதான் சிறந்தது. ஒட்டுவதைவிட நேரம் எடுக்கும், ஆனால் பெட்ஷீட்டைக் காயவைத்து இஸ்திரி போடும் பெரிய ரோலருக்கு அடியில் போய்வந்தாலும் பிரியாது.

எல்லா ஷீட்டிலும் ஒரே மூலையில் வைக்காதீர்கள். நாங்கள் முதல் தடவை அப்படித்தான் வைத்தோம். 50 ஷீட்டை மடித்து அடுக்கியதும் 50 டேக்கும் சரியாக ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. ரீடர் 31 என்றது. அடுக்கைக் கையால் விசிறி போல் லேசாகக் கலைத்ததும் 50 வந்துவிட்டது. டேக்குகள் ஒட்டி உரசி இருந்தால் ஒன்றின் குரலை இன்னொன்று அமுக்கும். பாதி ஷீட்டில் நீளப் பக்கம், பாதியில் அகலப் பக்கம் என்று மாற்றித் தைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஹீட் பிரஸ்ஸின் சூட்டையும் நொடியையும் டேக் கம்பெனி கொடுத்த தாளில் உள்ளபடியே வையுங்கள். அதற்கு முன் அந்தத் துணியின் மறைவான இடத்தில் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பாலியெஸ்டர் பளபளத்துவிட்டால் திரும்ப வராது.

ரீடர் வைக்கும் இடம்: இங்கேதான் பொறுமை வேண்டும்

இந்தியாவில் யுஎச்எஃப் ஆர்எஃப்ஐடிக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்திருக்கும் அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் அது 902 முதல் 928. வெளிநாட்டிலிருந்து விலை குறைவாக வரும் ரீடர் அந்த அலைவரிசைக்கு வைத்ததாக இருக்கலாம். கேட்டு உறுதிசெய்யுங்கள். தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு இப்படிப்பட்ட கருவிகளுக்குக் கொடுக்கும் ஈடிஏ என்ற ஒப்புதல் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அலைக்கு இரண்டு எதிரிகள்: தண்ணீர் அதைக் குடித்துவிடும், உலோகம் திருப்பி அடிக்கும். மும்பை காலாவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. தகரக் கூரை, இரும்பு ஷட்டர், இரும்பு டிராலி. ஜூன் முதல் செப்டம்பர் வரை வண்டியிலிருந்து இறங்கும் மூட்டையே நனைந்திருக்கும். அதனால் ஆன்டெனாவைச் சுவரில் மாட்டி அறை முழுவதையும் படிக்க வைக்க முயலாதீர்கள். பக்கத்து மேஜையில் காத்திருக்கும் துணியையும் சேர்த்து எண்ணிவிடும். உள்ளே உலோகத் தகடு அடித்த ஒரு பெட்டி அறை செய்யுங்கள். டிராலியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் அதற்குள் இருப்பதை மட்டும் படிக்கும். இதற்கு இடமில்லாதவர்கள் மேஜைக்கு அடியில் ஆன்டெனா வைத்து, சுற்றிலும் தகடு அடித்து, ரீடரின் சக்தியைக் குறைத்து வையுங்கள். டிராலி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்.

படிக்கும் இடம் இரண்டு போதும்: அழுக்கு உள்ளே வரும் வாசல், சுத்தம் வெளியே போகும் வாசல். நடுவில் ஈரத் துணியைப் படிக்க முயன்று பலர் நம்பிக்கை இழந்திருக்கிறார்கள். அது தேவையே இல்லை.

வைத்த பிறகு சோதித்துப் பாருங்கள். சரியாக 100 துணியைக் கையால் எண்ணி டிராலியில் போடுங்கள். 20 முறை உள்ளே தள்ளி வெளியே எடுங்கள். ஒவ்வொரு முறையும் துணியைப் புரட்டிப் போடுங்கள். 20 தடவையும் 100 வர வேண்டும். 99 வந்தால் எந்த எண் விட்டுப்போனது என்று பாருங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப விட்டுப்போனால் அந்த டேக்கில் கோளாறு. வேறு வேறு எண் விட்டுப்போனால் ஆன்டெனா வைத்த இடத்தில் கோளாறு. அப்புறம் பாதித் துணியை நனைத்துப் போட்டு இன்னொரு சோதனை. மழைக்காலத்தில் உங்கள் வாசலில் என்ன நடக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அழுக்கு வாங்கும்போது

ஹோட்டலின் ஹவுஸ்கீப்பிங் எண்ணிக்கை 412, நம் எண்ணிக்கை 405 என்று வரும் நாள்தான் சண்டை நாள். முடிந்தால் அவர்கள் வாசலிலேயே ஒரு கை ரீடரால் படித்து, அந்த எண்ணிக்கையில் சலான் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். முடியாவிட்டால் நம் வாசலில் படித்த எண்ணிக்கைதான் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாயால் பேசிக்கொண்டது மூன்றாவது மாதம் நிற்காது.

வீட்டுத் துணிக்கு டேக்கோடு ஒரு போட்டோவும் எடுங்கள். பட்டு, ஜரிகை, கோட் எதுவானாலும் கறையும் கிழிசலும் தெரியும்படி இருக்கட்டும். மாட்டுங்கா அம்மாவின் விஷயத்துக்குப் பிறகு புடவைக்கு நாங்கள் இரண்டு போட்டோ எடுக்கிறோம்: முந்தானை ஒன்று, ஃபால்ஸ் பக்கம் ஒன்று. ரோல் பிரஸ்ஸுக்கு ஒரு நேரத்தில் ஒரு புடவைதான் மேஜையில். கழற்றிய டேக் அதே புடவையின் தட்டில்தான்.

ஆஸ்பத்திரித் துணிக்கு ஆர்எஃப்ஐடியின் அருமை வேறு விதம். நோய்த்தொற்று உள்ள துணியைப் பிரித்து எண்ணச் சொல்வது தொழிலாளிக்குச் செய்யும் கொடுமை. வெந்நீரில் கரையும் பையில் கட்டி வந்ததை அப்படியே ரீடர் பெட்டியில் வைத்து எண்ணி, அப்படியே மெஷினில் போடலாம். பைக்குள் ஈரத் துணி இருந்தால் சில எண் விட்டுப்போகும்தான். சுத்தமாகி வெளியே போகும் வாசலில் அது சரியாகிவிடும். கிருமி போக 71 டிகிரியில் 3 நிமிடமோ 65 டிகிரியில் 10 நிமிடமோ சூடு நிலைக்க வேண்டும் என்பது பிரிட்டன் ஆஸ்பத்திரிகளில் பின்பற்றும் அளவு. சலவை டேக்குக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது.

சுத்தத் துணியைப் பிரிப்பது: பத்துக் கொக்கி போதும்

தானியங்கிக் கன்வேயர் வாங்கினால்தான் பிரிப்பு நன்றாக நடக்கும் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அந்தப் பெரிய மெஷின்கள் செய்யும் கணக்கையே கையாலும் செய்யலாம்.

00 முதல் 99 வரை 100 பேரின் யூனிஃபார்ம் ஹேங்கரில் கலந்து தொங்குகிறது. அதை எண் வரிசையில் கொண்டுவர 100 கொக்கி வேண்டாம். 0 முதல் 9 வரை எழுதிய பத்துக் கொக்கி போதும். 47, 12, 42, 17, 41 என்று ஐந்து சட்டை வருகிறது. முதல் சுற்றில் கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். 41 கொக்கி 1-க்குப் போகும். 12, 42 இரண்டும் கொக்கி 2-க்கு. 47, 17 இரண்டும் கொக்கி 7-க்கு. இப்போது 0-விலிருந்து 9 வரை வரிசையாக, முதலில் மாட்டியது முதலில் வரும்படி எடுங்கள்: 41, 12, 42, 47, 17. இரண்டாம் சுற்றில் முதல் இலக்கத்தைப் பாருங்கள். கொக்கி 1-ல் 12, 17. கொக்கி 4-ல் 41, 42, 47. எடுத்தால் வரிசை தானாக வந்துவிட்டது. ஆயிரம் பேர் என்றால் இன்னொரு சுற்று, அவ்வளவுதான். மாட்டிய வரிசை கலையாமல் எடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. கடைசியில் மாட்டியதை முதலில் எடுத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். எங்கள் இஸ்திரி அண்ணன் ஒருவர் இதை இரண்டு நாளில் பழகிக்கொண்டார். அதற்குமுன் ஒவ்வொரு சட்டைக்கும் ரேக்கின் நீளத்துக்கு நடந்துகொண்டிருந்தவர் அவர்.

மடிக்கும் துணிக்கு அறை அறையாக உள்ள ரேக். ஸ்கேன் செய்ததும் எந்த அறையில் வைக்க வேண்டுமோ அங்கே விளக்கு எரிந்தால் புதிதாக வந்த பையனும் முதல் நாளே தவறில்லாமல் வைப்பான். தமிழ், இந்தி, மராத்தி, போஜ்புரி பேசுபவர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் எழுத்தைவிட விளக்கும் நிறமும் எண்ணும் நன்றாக வேலை செய்யும்.

ஒரு ஆர்டரின் கடைசித் துணி வரும்வரை அந்த அறையைத் திறக்கக் கூடாது. 7 துணி வர வேண்டியதில் 6 வந்திருந்தால் விளக்கு பச்சையாகக் கூடாது. ஏழாவது எங்கே என்று அப்போதே தேடினால் கிடைக்கும். வாடிக்கையாளர் போன் செய்த பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம்.

சாஃப்ட்வேரில் கேட்க வேண்டியது

வந்தது, சலவையில், தயார், போனது: இந்த நான்கு நிலை போதும். நிலைகளைக் கூட்டக் கூட்ட ஸ்கேன் செய்ய மறப்பார்கள். நெட் இல்லாதபோதும் ஸ்கேன் பதிவாகி, நெட் வந்ததும் சேர வேண்டும். ஒவ்வொரு துணியும் எத்தனை முறை துவைந்தது என்ற கணக்கு வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, "30 நாளாகக் கண்ணில் படாதவை" என்ற பட்டியல் ஒரே பட்டனில் வர வேண்டும். ஹோட்டலோடு நடக்கும் மாதாந்திரக் கூட்டத்துக்கு நான் அந்த ஒரு தாளை மட்டும்தான் எடுத்துப் போகிறேன். கடைசியாக எந்தத் தேதியில் நம் வாசலை விட்டு வெளியே போனது என்று அதில் இருக்கும். பேச்சு அங்கிருந்து சுமுகமாக நடக்கும்.

தொடங்குவது

எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஹோட்டல், அதில் டவல் மட்டும். ஒரு மாதம் ரீடர் எண்ணுவதையும் கையால் எண்ணுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதல் வாரத்தில் கையெண்ணிக்கைதான் சரி என்று ஆட்கள் சொல்வார்கள். மூன்றாவது வாரத்தில் வித்தியாசம் வரும்போது கையெண்ணிக்கையைத் திரும்ப எண்ண ஆரம்பிப்பார்கள். அதுவரை பொறுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். தவறு வந்தால் சம்பளத்தில் பிடிப்பதற்காக இந்தக் கணக்கு என்ற எண்ணம் ஒரு முறை வந்துவிட்டால், டேக்கே காணாமல் போகத் தொடங்கும்.

கிழிந்த ஷீட்டைத் துடைப்புத் துணியாக வெட்டும் முன் டேக்கைப் பிரித்து எடுத்து, கணக்கில் அந்த எண்ணை மூடிவிடுங்கள். எங்களிடம் அப்படி விட்டுப்போன ஒரு துண்டு, தரை துடைக்கும் துணியாக ஹோட்டல் மூட்டையிலேயே திரும்பத் திரும்ப வந்து, நான்கு மாதம் நல்ல டபுள் பெட்ஷீட் என்று எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது.